உன் மண்டபத்தில்தானே நிறுத்தினேன், தாயே!

மாரியம்மன் அடியார்களே, அம்மன் செய்த உதவியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் அன்று நான் அவளைக் கும்பிடவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். அதை மறைத்துவிட்டு மீதியை மட்டும் சொன்னால் அது பொய்யாகிவிடும்.

நாங்கள் லாபிஸ் ஊர்ப் பக்கம் ஒரு பழைய தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில் இருக்கிறோம். என் கணவர் கணேசன் தோட்டத்து லோரிகளைப் பழுது பார்த்தவர். இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போன பிறகு வாரத்தில் மூன்று முறை சிகாமட்டில் டயாலிசிஸ். நான் மோட்டார் சைக்கிளை ஓட்டுவேன், அவர் பின்னால் உட்கார்ந்து என் தோளைப் பிடித்துக்கொள்வார். நோய் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சே குறைந்துவிட்டது. நான் எவ்வளவு கத்தினாலும் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருப்பார்.

சென்ற மழைக்காலத்தில் ஆறு பெருகியபோது, "மோட்டார ரயில் மேட்டுல நிறுத்து" என்று மட்டும் சொன்னார். நான் கேட்கவில்லை. "அம்மன் மண்டபத்துக்குத் தண்ணி வந்ததே இல்ல. எல்லாரும் அங்கயே கொண்டு வாங்க!" என்று வரிசை முழுக்கக் கூவினேன். என் பேச்சை நம்பி எல்லாருடைய மோட்டார் சைக்கிள்களும் கோயில் மண்டபத்தில் வந்து நின்றன. ஒவ்வொன்றுக்கும் திருநீறு வேறு பூசிவிட்டு நிவாரண மையத்துக்குப் போனேன்.

தண்ணீர் வடிந்து திரும்பியபோது அத்தனை மோட்டார்களும் சேற்றில் சாய்ந்து கிடந்தன. ரயில் மேட்டில் வெள்ளம் ஏறவே இல்லை. கணவருக்கு ஏற்கெனவே ஒரு டயாலிசிஸ் தவறிவிட்டது. கால் இரண்டும் வீங்கி, மூச்சு வாங்கியபடி கோயில் படியில் உட்கார்ந்தார். பஸ் இல்லை. வரிசையில் இருந்த கார்களும் மூழ்கிவிட்டன. யாருக்கும் ஃபோன் லைன் கிடைக்கவில்லை. அன்று போகாவிட்டால் அவர் பிழைக்க மாட்டார் என்று எனக்குத் தெரியும்.

"அக்கா, மோட்டார் மாசோக் ஆயர். அம்மன் பாத்துக்குவான்னு சொன்ன நீங்களும் மாசோக் ஆயர் லா!" என்றான் பக்கத்து வீட்டுச் செல்வம். மலாயில் அதற்குத் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். மரை கழன்றவர்களையும் அப்படித்தான் கிண்டல் செய்வார்கள். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேராகச் சன்னதிக்குப் போனேன். "உன் பேரே மழைதானே? எவ்ளோ பெய்யணும்னு உனக்குத் தெரியாதா? உன் மண்டபத்துலதானே நிறுத்துனேன்? இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆச்சுன்னா இந்தப் பக்கம் தலைவெச்சுப் படுக்க மாட்டேன். ஒரே உதையில ஸ்டார்ட் ஆகணும். ஆக வை!" என்று கத்தினேன். அழுகையும் சேர்ந்து வந்தது.

வெளியே வந்து கிக்கரை மிதித்தேன். பாதியில் நின்றது. ஏறி நின்று மிதித்தேன். அசையவில்லை. "என்ன, பிடிச்சுக்கிட்டு நிக்கிறியா?" என்று சன்னதியைப் பார்த்துக் கத்தினேன்.

"தள்ளுனா ஓடிரும்க்கா" என்ற செல்வம், தன் மோட்டாரைக் கியரில் போட்டுக் கோயில் சரிவில் தள்ளச் சொன்னான். உள்ளே டங்கென்று ஒரு சத்தம். சக்கரம் இறுகி, வண்டி வழுக்கி நின்றது. அப்படியும் அடுத்து என்னுடையதைத் தள்ள வந்தார்கள்.

"தொடாதீங்கடா!"

திரும்பிப் பார்த்தேன். கத்தியது என் கணவர். "ஏண்டி, அறிவிருக்கா உனக்கு? சிலிண்டர்ல தண்ணி நிக்குது. தண்ணி அமுங்குமா? அழுத்துனா பிஸ்டன் ராடுதான் வளையும். மொதல்ல ஸ்பார்க் ப்ளக்கக் கழட்டு!"

நோய் வந்த பிறகு அவர் என்னைத் திட்டியதே இல்லை. "இவ்ளோ நேரம் வாயில என்ன வெச்சிருந்தீங்க?" என்று நானும் கத்தினேன். கத்திக்கொண்டேதான் வேலை நடந்தது. ப்ளக்கைக் கழற்றி, மெதுவாக மிதிக்கச் சொன்னார். ஓட்டையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி என் முகத்தில் அடித்தது. கிக்கர் இறங்கியது! வண்டியைச் சாய்த்துப் புகைக்குழாயைக் காலி செய்தோம். கார்புரேட்டரை வடித்து, காற்று வடிகட்டியைப் பிழிந்தோம். எஞ்சின் எண்ணெய் தே தாரேக் பால்தேநீர் நிறத்தில் கொட்டியது. மளிகைக்கடை மேல்தட்டில் தப்பியிருந்த புது எண்ணெயைச் செல்வம் ஓடிப்போய் வாங்கி வந்தான். ஊற்றி, சுற்றவிட்டு, வடித்து, மறுபடியும் ஊற்றினோம். ப்ளக்கைத் துடைத்து மாட்டி மிதித்தேன். இருமியது. இன்னும் மிதித்தேன். வெள்ளைப் புகையோடு பிடித்துக்கொண்டது.

சிகாமட்டில் தாதி எங்களைத் திட்டிக்கொண்டேதான் அவருக்கு ஊசியைக் குத்தினார். அன்று அந்தத் திட்டுகூட எனக்கு இனித்தது.

செல்வத்தின் மோட்டாரைப் பிறகு என் கணவரே உட்கார்ந்து பிரித்தார். உள்ளே ராடு வளைந்திருந்தது. அதைக் கையில் வாங்கியதும் எனக்குப் புரிந்தது. அன்று கிக்கர் இறங்கியிருந்தால் நானும் என்னுடையதை உடைத்திருப்பேன். அவள் பிடித்துக்கொண்டுதான் நின்றிருக்கிறாள்.

அடியார்களே, நான் கேட்டது ஒரே உதை. அவள் என் காலைத் தடுத்து, என் கணவரின் வாயைத் திறந்துவிட்டாள். இப்போது எங்கள் வீட்டில் தினமும் சண்டைதான். ஒவ்வொரு சண்டை முடிந்தும் அவளுக்கு விளக்கேற்றுகிறேன். உங்கள் மனசும் கொதித்தால் அந்தக் கொதிப்போடே அவளிடம் போங்கள். நல்ல வார்த்தை தேடிக்கொண்டு வாசலில் நிற்க வேண்டாம். அவள் தாங்குவாள்.

மோட்டாரை மட்டும் ரயில் மேட்டில் நிறுத்திவிட்டுப் போங்கள்.