ராஜபாளையத்தில் ஒரு ஸ்தோத்திர ஆராதனை, பெல்ஜியத்தில் ஒரே ஒரு இடம்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜபாளையம் போய் வந்தேன். ஊர் பார்க்க அல்ல, வயிற்றெரிச்சலில். மதுரையில் என்னோடு எம்.ஏ. வரலாறு படித்த ஸ்டெல்லாவுக்கு (பெயரை மாற்றியிருக்கிறேன்) பெல்ஜியத்தில் ஒரு பல்கலைக்கழகத்தின் ஐரோப்பிய ஆய்வு நிறுவனத்தில் உதவித்தொகையோடு இடம் கிடைத்திருக்கிறது. நம் நாட்டுக்கு ஒரே ஒரு இடம். நானும் விண்ணப்பித்தேன். அவளுடைய விண்ணப்பக் கட்டுரையைத் திருத்திக் கொடுத்ததே நான்தான். எனக்கு வந்தது வெயிட்டிங் லிஸ்ட், முதல் எண்.

அவள் போகாவிட்டால் நான் போகலாம். செவ்வாய்க்கிழமைக்குள் அவள் அப்பா கையெழுத்திட்ட உத்தரவாதக் கடிதம் போய்ச் சேர வேண்டும். "அப்பா இழுத்தடிக்காங்க, நீ வாயேன்" என்று போனில் அழுதாள். ஆறுதல் சொன்னேன். போனை வைத்துவிட்டு, அவர் கையெழுத்துப் போடக் கூடாது என்று மீனாட்சியிடம் வேண்டிக்கொண்டேன்.

மாட்டுத்தாவணியில் காலை 5.15க்குப் பஸ். 7.20க்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கினேன். டிக்கெட் எழுபது ரூபாய். வெறுங்கையோடு போகக் கூடாதே என்று அரைக் கிலோ பால்கோவா வாங்கினேன். அங்கிருந்து ராஜபாளையம் பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். அதற்குள் கால்வாசியை நானே தின்றுவிட்டேன், அவளுக்கு மிச்சம் போதும் என்று.

பஸ் ஸ்டாண்டிலிருந்து, ஸ்டெல்லா நேராக வரச் சொல்லியிருந்த சர்ச்சுக்கு ஆட்டோ, அறுபது ரூபாய். டிரைவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"ஐரோப்பாவப் பத்திப் படிக்க அம்புட்டுத் தூரம் போவணுமாக்கும்? அவிய அப்பா விடுவாகளா?"

"விட மாட்டாங்கன்னு நினைக்கேன்" என்றேன். எனக்கே என் குரலில் இருந்த சந்தோஷம் கேட்டது.

ஒன்பது மணிக்கு ஸ்தோத்திர ஆராதனை, நன்றி சொல்லும் வழிபாடு. வீட்டில் நல்லது நடந்தால் ஒரு கவரில் காரணத்தை எழுதிக் காணிக்கை போடுவார்கள், போதகர் அதைச் சபைக்கு வாசிப்பார். ஸ்டெல்லாவின் கவரை வாசித்துவிட்டு இன்னொன்றைப் பிரித்தார். "அதே காலேஜில் மதுரை சுமதிக்கும் இடம் உறுதியாகும்படி ஸ்டெல்லா குடும்பத்தார் ஜெபிக்கச் சொல்கிறார்கள்." சுமதி நான்தான். மொத்தச் சபையும் எனக்காகக் கண்ணை மூடியது. மீனாட்சியிடம் நான் கேட்டது நினைவுக்கு வந்து கூசிப்போனேன்.

வெளியே ஸ்டெல்லாவின் அப்பா வந்தார். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், வடக்கே ரயிலிலேயே பாதி வயதைக் கழித்தவர்.

"வெயிட்டிங் லிஸ்ட் ஒண்ணுதானம்மா? சார்ட் போடும்போது கன்பர்ம் ஆயிரும்லா?"

அவர் பின்னால் நின்ற ஸ்டெல்லா தரையைப் பார்த்தாள். இருப்பதே ஒரே ஒரு இடம் என்பதை அவள்தான் வீட்டில் சொல்லவில்லை.

"இவள ஒத்தையில அனுப்ப எனக்கு மனசில்ல. நீயும் கூடப் போறன்னா, இப்பமே கையெழுத்துப் போட்டுருதேன்."

உண்மையைச் சொன்னால் போதும், இடம் எனக்கு. அவர் மாட்டேன் என்பதைக் கேட்கத்தானே எண்பத்தைந்து கிலோமீட்டர் வந்தேன்.

"ஆயிரும் அங்கிள்" என்றேன். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் போறோம்."

சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். ஸ்டெல்லா என் கையைப் பிடித்தாள். உருவிக்கொண்டேன். பெரிய மனசெல்லாம் இல்லை, இன்றுவரை எனக்குப் பொறாமைதான்.

விண்ணப்பிக்கிறவர்களுக்குச் சில வார்த்தைகள். உத்தரவாதக் கடிதத்தைக் கடைசி வாரத்துக்கு விடாதீர்கள். எத்தனை இடம் என்பதை வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். உங்கள் கட்டுரையை முதலில் திருத்திவிட்டு, நேரமிருந்தால் மட்டும் தோழியுடையதைத் தொடுங்கள். ராஜபாளையத்துக்குக் காலையில் போனால் வெயிலுக்கு முன் சேர்ந்துவிடலாம்.

ஸ்டெல்லா இருபதாம் தேதி கிளம்புகிறாள். அவள் அப்பா தினமும் எனக்குப் போன் செய்கிறார், விமானத்தில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து சீட்டா என்று கேட்டு.