கோபுரம் இல்லாத காஞ்சிபுரம்

காஞ்சிபுரம் என்றால் கோபுரம் வைத்தே தீர வேண்டும் என்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கிறது? நான் வைக்கவில்லை. நாலடி நீளம், இரண்டடி அகலமுள்ள பலகையில் என் ஊரைச் செய்தேன். அதில் மருந்துக்குக்கூட ஒரு கோபுரம் இல்லை.

கோபுரத்தோடு எனக்கு ஒரு பகையும் கிடையாது. அதை வைக்க ஊரில் ஆள் பஞ்சமா? புடவைப் பெட்டியின் மேல் இருக்கிறது, இனிப்புக்கடைப் பையில் இருக்கிறது, பஸ் ஸ்டாண்டு சுவரில் இருக்கிறது. நான் பிறந்த தெருவை வைக்கத்தான் ஆள் இல்லை.

நான் மருத்துவமனை ஒன்றில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். பொம்மை ரயில் ஓட்டுவது என் பொழுதுபோக்கு. முதல் எஞ்சினை வாங்கி வந்த அன்று நாத்தனார் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, “பையனுக்கா?” என்றாள். “எனக்கு” என்றேன்.

“நாப்பது வயசுல இன்னா வெளையாட்டு இது?”

“நாப்பது வயசுல ரயில்ல போவலாம், ரயில் வெச்சிக்கக் கூடாதா?”

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவள் மட்டும் ஒரு வாரம் முகத்தைத் தூக்கியே வைத்திருந்தாள். இருக்கட்டும்.

இதற்கென்று சென்னையில் ஒரு குழு இருக்கிறது. கூட்டாஞ்சோறு மாதிரியான ஏற்பாடு. ஒவ்வொருவரும் தன் பலகையை வீட்டில் செய்துகொண்டு வர வேண்டும். அதற்கு மாட்யூல் என்று பெயர். கண்காட்சி அன்று எல்லாவற்றையும் போல்ட் போட்டு முடுக்கினால் மண்டபம் முழுக்க ஒரே ரயில் பாதை சுற்றி வரும். விதி ஒன்றுதான். பலகையின் இரண்டு முனைகளிலும் தண்டவாளம் எல்லோருக்கும் ஒரே உயரத்தில், ஒரே இடத்தில் இருக்க வேண்டும். நடுவில் என்ன வைப்பது என்பது அவரவர் இஷ்டம். படித்தவுடன் எனக்குப் பிடித்துப்போன விதி இது. முனை இரண்டும் உனக்கு, நடுவில் எல்லாம் எனக்கு. என் கல்யாணத்தின்போதுகூட யாரும் இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை.

இந்த முறை கண்காட்சி எங்கள் ஊரிலேயே, சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் என்று முடிவாயிற்று. குழுவை நடத்துகிறவர் ஓய்வுபெற்ற இஞ்சினியர். அவர் எனக்கு போன் செய்தார். “நீங்கதாம்மா லோக்கல். ஒரு கோபுரம், ஒரு தறி, ஒரு மாடவீதி. ஜனங்க அசந்துடுவாங்க.” நான் “பார்க்கலாம் சார்” என்றேன். பார்க்கலாம் என்றால் மாட்டேன் என்று அர்த்தம் என்பது தமிழ் பேசும் எல்லோருக்கும் தெரியும். அவர் கோபுரம் வருகிறது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

எங்கள் தெரு தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். சாமி தேர் அங்கே வராது. ஏன் என்று கேட்டால் தெரு குறுகல் என்பார்கள். ரயிலுக்கு அந்தச் சாக்கு தெரியவில்லை. எங்கள் பின்சுவரை ஒட்டிக்கொண்டே போகும். அலமாரியில் அடுக்கிய எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் கிடுகிடுக்கும். அம்மா எந்த வேலையில் இருந்தாலும் ஓடிப்போய் அடுக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். ஆனால் ரயில் ஒரு நாளும் எங்களுக்காக நின்றதில்லை. ஸ்டேஷன் ஊருக்குள் இருந்தது.

பிறகு ரயில்வே கேட்டுக்கு மேலே பாலம் கட்டப்போவதாகச் சொல்லி அளக்க வந்தார்கள். டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒருவர் அம்மாவிடம், “ரெண்டே வீடுதாம்மா எடுக்கணும். பெரிசா ஒண்ணும் இல்ல” என்றார். அந்த இரண்டில் ஒன்று எங்களுடையது. பாலம் வந்தது. அம்மா என்னோடு வந்துவிட்டாள். பாலம் தேவைதான், நானே தினமும் அதன் மேல்தான் வேலைக்குப் போகிறேன். ஆனால் அந்த ‘பெரிசா ஒண்ணும் இல்ல’வை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

ஆகவே பாலம் வருவதற்கு முந்தைய தெருவைச் செய்தேன். அட்டைப்பெட்டியின் மேல்தாளை உரித்தால் உள்ளே நெளிநெளியாக ஒன்று வரும். சாம்பல் நிறம் அடித்தால் அசல் ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பரிசோதனைக் குழாய்களின் நீல மூடிகளைக் குழாயடியில் வரிசையாக வைத்தால் தண்ணீர் டிரம்கள். என்னோடு வேலை செய்கிற பெண்ணுக்குப் பிள்ளையார்பாளையம். அவள் வீட்டுத் தறியில் கழித்த ஜரிகையைக் கேட்டு வாங்கி மின்கம்பங்களுக்கு நடுவே கட்டினேன். ஊரே ஜரிகையைப் புடவையில் போடுகிறது, நான் கரண்டுக் கம்பியாகப் போட்டேன். அம்மாவின் பழைய பச்சைப் புடவையில் நகக்கண் அளவு கிழித்து எங்கள் வீட்டுக் கொடியில் காயவைத்தேன். தெருமுனையில் மாதா கோயில். அதற்கு எதிரே, நீலக் கோட்டுப் போட்டு விரல் நீட்டி நிற்கும் சிலை. நிஜத்தில் அந்தச் சிலையைச் சுற்றிக் கம்பிக்கூண்டு உண்டு. என் பலகையில் கூண்டு வைக்க நான் சம்மதிக்கவில்லை.

குழுவில் எல்லோரும் வீடுகளைத் தனியாகக் கழற்றுகிற மாதிரிதான் செய்வார்கள். வண்டியில் ஏற்றும்போது உடையாது. எனக்கும் அந்த யோசனை சொன்னார்கள். நான் எங்கள் வீட்டையும் பக்கத்து வீட்டையும் அடியிலிருந்து ஸ்க்ரூ போட்டு முடுக்கி, போதாததற்குப் பசையும் விட்டேன். பார்த்துக்கொண்டிருந்த கணவர் ஏன் என்று கேட்டார். “ஒரு தடவ எடுத்தாங்க இல்ல, அது போதும்” என்றேன். கண்காட்சி அன்று காலை அவர்தான் தன் குட்டி யானை லோடு வண்டியில் மெத்தை விரித்துப் பலகையை ஏற்றி, ஒவ்வொரு வேகத்தடைக்கும் மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு வந்து இறக்கினார்.

இஞ்சினியர் என் பலகையை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

“கோபுரம் எங்கம்மா?”

“இல்ல சார்.”

“தறி?”

“எங்க தெருவுல யார் வூட்லயும் தறி கிடையாது சார்.”

சிலையைப் பார்த்தார். “இந்த அரசியல் எல்லாம் நமக்கு எதுக்கும்மா?”

“அரசியல் இல்ல சார். எங்க தெருமுனை.”

அவர் கெட்டவர் இல்லை. வந்தவர்களுக்கெல்லாம் தன் கையால் மோர் ஊற்றிக் கொடுப்பவர். ஆனால் முன்யோசனைக்காரர். ஏழு நிலையும் கலசமுமாக ஓர் அட்டைக் கோபுரத்தை வீட்டிலேயே செய்து கையோடு எடுத்து வந்திருந்தார். அதை என் தெருவில் நிறுத்திப் பார்த்தார். இடம் பற்றவில்லை. தண்டவாளத்தை ஒட்டி வைத்தார். ரயில் பெட்டி இடித்தது. கீழே குனிந்து அளந்தார். நிமிர்ந்து சொன்னார்: “ரெண்டு வீட்டை எடுத்துட்டா போதும்மா. பெரிசா ஒண்ணும் இல்ல.”

எனக்குக் காது அடைத்துப்போயிற்று.

“எடுங்க சார்” என்றேன்.

கூரையை இரண்டு விரலால் பிடித்து இழுத்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் பலமாக இழுத்தார். வீடு வரவில்லை, பலகைதான் கூடவே எழுந்தது.

“என்னம்மா, ஒட்டியிருக்கே?”

“ஆமா சார். எடுக்கறதுக்குக் கட்டல.”

அவர் முகம் சிவந்துவிட்டது. தன்னிடம் உபரியாக ஒரு வெறும் பலகை இருப்பதாகவும், அதைப் பாதையில் சேர்த்துக்கொண்டு என்னுடையதை ஓரமாக ஒரு மேஜையில் பார்வைக்கு வைக்கலாம் என்றும் சொன்னார். ஒன்றுமே இல்லாத பலகை போகலாமாம், எங்கள் தெரு போகக் கூடாதாம்.

“ரெண்டு முனைதானே சார் உங்க விதி? அளந்து பாருங்க. ஒரு நூல் தப்பா இருந்தாலும் நானே தூக்கிக்கினு போயிடறேன். சரியா இருந்தும் ஓரமா வெச்சீங்கன்னா, இது ஏன் வெளிய இருக்குதுன்னு வர்றவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் நின்னு சொல்லுவேன். எனக்கு இன்னிக்கு லீவுதான்.”

அளந்தார். இரண்டு முனையும் சரியாக இருந்தன. கொஞ்ச நேரம் தன் கோபுரத்தின் கலசத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு ஸ்பேனரை எடுத்து, என் பலகையை அவரே முடுக்கினார். அதற்காக அவரை மெச்சுகிறேன். கோபுரம் கடைசியில் அவருடைய பலகைக்கே போயிற்று. அது குகைப்பாதை உள்ள ஒரு மலை. மலைமேல் ஏறி நின்ற காஞ்சிபுரம் கோபுரத்தையும் ஜனங்கள் போட்டோ எடுத்துக்கொண்டுதான் போனார்கள்.

மத்தியானம் கணவர் அம்மாவை அழைத்து வந்தார். நான் அவளிடம் எதுவும் சொல்லி வைக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து குனிந்தாள்.

“இன்னாடி இது… என் பச்சப் பொடவ காயுது.”

“ஆமாம்மா.”

“பின்செவுத்து வெடிப்பக்கூட வுடல நீ.” சுவரை விரல் நுனியால் தொட்டாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கேட்டாள். “இதையும் எடுத்துடுவாங்களா?”

“இத்த எடுக்க முடியாதும்மா. ஒருத்தர் இழுத்தே பார்த்துட்டாரு.”

அப்போது ரயில் ஓட்டுகிற முறை எனக்கு. மூன்று நீலப் பெட்டிகளோடு என் எஞ்சின் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு எங்கள் தெருவை நெருங்கியது. அம்மாவின் இரண்டு கைகளும் தாமாகவே மேலே எழுந்தன, டம்ளர் அடுக்கைப் பிடிக்கிறவள்போல. அப்புறம் அவளே சிரித்துக்கொண்டு கையை இறக்கினாள்.

“எப்பவும் போல நிக்காமதானே போவும்?”

நான் கண்ட்ரோலரைத் திருகினேன். ரயில் எங்கள் பின்சுவருக்கு நேராக வந்து நின்றது.

மண்டபத்தின் அந்தக் கோடியிலிருந்து இஞ்சினியர் குரல் கொடுத்தார். “என்னம்மா, பவர் போயிடுச்சா?”

“இல்ல சார். வண்டி நிக்குது.”

“அங்க ஸ்டேஷன் கிடையாதே!”

“இப்ப இருக்குது சார்.”

பின்னால் ஓட்டிக்கொண்டு வந்த இருவரும் தங்கள் வண்டிகளை நிறுத்த வேண்டியதாயிற்று. நிற்கட்டும் என்று விட்டுவிட்டேன். அம்மா இன்னும் பார்த்து முடிக்கவில்லை.