மூன்று கோபெக் நாணயம்

ஷைலோ கால்சட்டைப் பையிலிருந்து மூன்று கோபெக் நாணயத்தை எடுத்து, டயரின் பள்ளத்தில் நெட்டுக்குத்தலாகச் செருகி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார். செல்லாமல் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்ட சோவியத் காசு. அதிலுள்ள 3 என்ற எண்ணின் தலை ரப்பருக்குள் மறைந்தால் டயர் தேறியது. "மூணு தலையக் குனியுதா, வாங்கு. நிமிந்து நிக்குதா, நட." அவ்வளவுதான் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கின் ஓரத்தில் ஞாயிறுதோறும் கூடும் கார்ச் சந்தையில், பழைய டயர் வரிசையில் அவரைப் பார்க்கலாம். வியாபாரியும் இல்லை, தரகரும் இல்லை. முப்பத்தைந்து வருடம் டிராலிபஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். ஷைலோ என்றால் கிர்கீஸ் மொழியில் 'தேர்தல்'; தேர்தல் நாளில் பிறந்ததால் அதையே பெயராக வைத்துவிட்டார்கள். ஊராருக்குத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கத்தான் பிறந்தேன் என்று அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்வார். கூலி, தந்தூர் அடுப்பில் சுட்ட ஆறு இறைச்சிச் சம்சா. அதில் இரண்டை வீட்டுக்குக் கட்டிக்கொள்வார்.

அவரைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் அகலச் சக்கரம் வைத்த பழைய ஜெர்மன் கார், ஜப்பான் கார் வாங்கிவிட்டு விழிக்கும் இளவட்டங்கள். அந்தச் சக்கரத்துக்கு ஒல்லி டயர் உட்காராது. பட்டையான வேக டயர்தான் வேண்டும். புதிதாக நாலு வாங்கினால் ஒரு கறவைப் பசு போய்விடும். வெளிநாட்டில் ஓடிக் கழித்த டயரென்றால் இரண்டு ஆட்டோடு முடியும். அந்தப் பசுவைக் காப்பாற்றிக் கொடுப்பதுதான் ஷைலோவின் வேலை. கட்டைவிரல் நகத்தை ரப்பரில் அழுத்திப் பார்ப்பார். எச்சில் தொட்ட கைக்குட்டையால் பூச்சு மினுமினுப்பைத் துடைப்பார். பக்கச் சுவரில் இருக்கும் நாலு எண்ணைப் படித்து, எந்த வருடம் எத்தனையாவது வாரம் பிறந்த டயர் என்று சொல்வார். கடைசியாகத்தான் காசு வெளியே வரும்.

வெளியே இறங்கினால் தலையில் வெள்ளைக் கல்பக் இல்லாமல் இருக்கமாட்டார். அந்தக் கம்பளித் தொப்பியைத் தரையில் வைக்கிற வழக்கம் எந்தக் கிர்கீசியனுக்கும் இல்லை, இவருக்குக் கேட்கவே வேண்டாம். டயருக்குள் தலையை விட வேண்டி வந்தால் மட்டும் அதைக் கழற்றி, சம்சா அடுப்புக்காரம்மாவிடம் கொடுத்துவிட்டு வருவார். அவளும் அதை ஒரு சுத்தமான துண்டின் மேல் வைத்துக் காவல் காப்பாள்.

போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு மகள் பெர்மெத்துக்கும் அவர்தான் டயர் எடுத்துக் கொடுத்தார். மருமகன் வாங்கிப் போட்ட காரும் அந்த அகலச் சக்கர ஜாதிதான். பெர்மெத் பள்ளிக்கூட டீச்சர். விடுமுறைக்கு இரண்டு பெண் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு, கணவன் மந்தை மேய்க்கும் மலை மேய்ச்சல் நிலத்துக்குக் கணவாய் தாண்டிப் போக வேண்டியிருந்தது. விலை குறைந்த சீன டயரே புதிதாக வாங்கிக்கொள்கிறேன் என்றாள். ஷைலோ விடவில்லை.

"ஈரத்துல சோப்பு மேல போற மாதிரி போகும். உங்கப்பன் உசுரோட இருக்கறப்ப உனக்கு அந்தத் தலையெழுத்தா?"

நாலு டயரிலும் காசைச் செருகிக் காட்டினார். நாலிலும் மூன்றின் தலை ஒரே மாதிரி, மயிரிழை பிசகாமல் மறைந்தது. இப்படி ஒரு செட் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று கடைக்காரன் மாமித்தின் முதுகில் தட்டிக்கொடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு ஓட்டலாம் என்று மகளிடம் சொன்னார்.

போன ஞாயிறு காலை பெர்மெத் கிளம்பினாள். ஷைலோ வழக்கம்போலச் சந்தைக்கு வந்து, டயருக்குள் தலையை விட்டுப் பார்ப்பதற்காகக் கல்பக்கைச் சம்சா அடுப்புக்காரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வரிசையில் நடந்தார். மாமித்தின் இரும்புப் பெட்டிக் கடைக்குப் பின்னாலிருந்து ரப்பர் கருகும் வாடை வந்தது. ஏதோ பற்றிக்கொண்டது என்று பதறிச் சுற்றிப்போய்ப் பார்த்தார். அங்கே முன்பின் தெரியாத ஓர் ஆள் முக்காலியில் உட்கார்ந்து, மின்சாரத்தில் சூடேறும் வளைந்த கத்தியால், தேய்ந்து வழுக்கையான டயரில் புதுசாகப் பள்ளம் வெட்டிக்கொண்டிருந்தான். ஒரு சாண் வெட்டுவான், நிறுத்துவான், மடியிலிருந்து காசு ஒன்றை எடுத்துப் பள்ளத்தில் செருகிப் பார்ப்பான். அதே மூன்று கோபெக் காசு.

காசு எதற்கு என்று ஷைலோ கேட்டார்.

"அளவுக்குத்தான் பெரியவரே," என்றான் அவன், நிமிராமலே. "இந்த வரிசைல கல்பக் போட்ட கிழவர் ஒருத்தர் சுத்துவாரு. இந்த மூணு தலை மறையலேன்னா வாங்க விடமாட்டாரு. அதான் எல்லாத்தையும் அவரு காசு அளவுக்கே வெட்டிடறோம்."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷமிருக்கும். அவரு தலையாட்டிட்டா யாரும் பேரம்கூடப் பேசறதில்ல."

வெட்டிய பள்ளத்தின் அடியில், ரப்பருக்குள் இருக்கும் எஃகுக் கம்பி பளபளத்தது. கம்பி தெரிகிறதே, ஓடும்போது வெடித்துவிடுமே என்றார் ஷைலோ. மை தடவினால் தெரியாது என்றான் அவன்.

இரண்டு வருடம். எத்தனை பையன்கள், எத்தனை கார்கள் என்று எண்ணத் தொடங்கினார். ஆனால் அதற்குள் வேறொன்று முந்திக்கொண்டு வந்தது. ஓடிய டயர் நாலும் ஒரே மாதிரி தேயாது. முன்னது ஒரு விதம், பின்னது ஒரு விதம். முப்பத்தைந்து வருடம் சக்கரத்தின் மேல் உட்கார்ந்திருந்தவருக்கு இது தெரியாதா? தெரிந்தும், பெர்மெத்துக்கு எடுத்த நாலும் ஒன்றுபோல இருக்கிறதென்று மாமித்தின் முதுகில் அல்லவா தட்டினார்.

பெர்மெத்துக்குப் போன் போட்டார், கிடைக்கவில்லை. மலையடிவாரத்தில் சிக்னல் போய்விடும். அவர் தன் பழைய ஜிகுலி காரில் ஏறி, அது எந்நாளும் போகாத வேகத்தில் விரட்டினார். பெரிய பேத்திக்கு மலைப்பாதையில் வாந்தி வரும், ஏறுவதற்கு முன் அடிவாரத்தில் அவளை உட்காரவைத்து ஆசுவாசப்படுத்துவார்கள். அந்த ஒரு வாந்தியைத்தான் வழியெல்லாம் நம்பிக்கொண்டு போனார்.

குமிஸ் என்னும் புளித்த குதிரைப்பால் விற்கும் கூடாரத்தின் பக்கத்தில் கார் நின்றிருந்தது. குழந்தைகளைப் பின் சீட்டில் ஏற்றிக் கதவைச் சாத்திக்கொண்டிருந்த பெர்மெத், அப்பாவைக் கண்டதும் அப்படியே நின்றாள். வெட்டவெளியில் அவரை வெறும் தலையோடு அவள் பார்த்ததேயில்லை.

"அப்பா, தொப்பி எங்க? யாருக்கு என்ன ஆச்சு?"

அவர் நேராகப் போய் முன் சக்கரத்தருகே மண்டியிட்டார். பைக்குள் போன கை காசைத் தொட்டுவிட்டு, வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு வந்தது. சாவி நுனியால் பள்ளத்தின் அடியைச் சுரண்டினார். கருப்பு மை உரிந்து, உள்ளே நரைமுடிபோலக் கம்பி தெரிந்தது. பெர்மெத் குனிந்து பார்த்தாள்.

"நீங்க பாத்து எடுத்ததுதானேப்பா?"

ஷைலோ காற்றுக் குழாயின் மூடியைத் திருகிக் கழற்றி, சாவி நுனியை உள்ளே வைத்து அழுத்தினார். கார் அந்தப் பக்கமாகச் சரிந்து தரையில் உட்காரும்வரை கையை எடுக்கவில்லை. பிறகு எழுந்துகொள்ளாமல், முழங்காலிலேயே நகர்ந்து அடுத்த சக்கரத்துக்குப் போனார்.