நாக்கைத் தூக்கிக் காட்டு

மனநல வார்டு நர்ஸுக்குச் சந்தேகம்தான் முதல் பாடம். மாத்திரையைக் கொடுத்தால் மட்டும் போதாது. வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லி, கன்னத்து இடுக்கு வரைக்கும் பார்க்க வேண்டும். மாத்திரையை ஒதுக்கி வைத்து ஜன்னல் வழியே துப்பிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் எத்தனையோ பேர். எழுபதுகளின் கடைசியில் மதுரையில் அந்த வேலைக்குச் சேர்ந்தேன். கொஞ்ச நாளிலேயே, வீட்டுக்காரர் தலைவலிக்கு மாத்திரை போட்டாலும் அவர் வாயைப் பார்க்கிற அளவுக்கு ஆகிப்போனேன்.

கோச்சடையிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். முப்பது வயதிருக்கும். கணவர் நெல் விவசாயி, பார்ப்பதற்குப் பரம சாது. "ரேடியோவுல எம்பேரச் சொல்லி ஏசுறாக, சோத்துல மருந்து கலக்குறாக" என்று அவள் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாள். டாக்டரும் இரண்டையும் நோய் என்று ஒரே வரியில் எழுதினார். இதற்கு முன் எங்கேயாவது வைத்தியம் பார்த்ததுண்டா என்று கேட்டதற்கு, "இல்லைங்க, இங்கதான் மொத" என்றார் கணவர்.

குளோர்புரோமசின் மாத்திரை ஆரம்பித்தோம். ரேடியோ ஏச்சு மெல்ல அடங்கியது. ஆனால் சாயங்காலமானால் அவள் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக்கொள்ளும். கண் மேலே செருகும், நாக்கு தடித்துப் பேச்சு குழறும். பக்கத்துக் கட்டில்காரி, முனி இறங்குது என்று விபூதி பூசினாள். நான் நடிப்பு என்று நினைத்தேன். டாக்டர்தான், மருந்து அதிகமானால் இப்படி வரும் என்று சொல்லி ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் கழுத்து இளகிவிட்டது. இம்புட்டுச் சின்ன அளவுக்கா இப்படி என்று அவருக்கே குழப்பம். மாத்திரையைக் குறைத்தும் முறுக்கல் நிற்கவில்லை, சோற்றுப் பேச்சும் நிற்கவில்லை. "திங்கட்கிழமை தலைக்குக் கரண்ட் வச்சுப் பாத்துருவோம்" என்றார்.

அது அவள் காதில் விழுந்துவிட்டது. என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "வேணாம் நர்சம்மா. எம்புள்ள பேரு எனக்கு மறந்துபோகும்."

கணவர் தினமும் மதியம் தூக்குவாளியில் ரசம்சோறு கொண்டுவந்து ஊட்டிவிட்டுத்தான் போவார். மனுசன்னா இவரு மனுசன் என்று வார்டே மெச்சியது. எனக்கு அம்புட்டு நல்ல புருஷன்மேல் என்றைக்குமே நம்பிக்கை கிடையாது. அவர் அதில் ஒரு வாய் கூடச் சாப்பிட்டதில்லை. மிஞ்சியதை யாருக்கும் கொடுக்காமல் தொட்டியில் கொட்டிக் கழுவுவார். நெல்லு விளைய வைக்கிறவன் சோற்றைக் கொட்டுவானா? என் மண்டைக்குள் அது குடைந்துகொண்டே இருந்தது.

வயலுக்குத் தண்ணீர் முறை வந்து இரண்டு நாள் அவர் வரவில்லை. அவள் வார்டு ரொட்டியும் பாலும் சாப்பிட்டாள். இரண்டாம் நாள் சாயங்காலம் கழுத்து முறுக்கவில்லை. அவர் திரும்பி வந்த மதியம் நான் கட்டிலருகே போய் நின்றுகொண்டேன்.

"அண்ணே, நீங்க ஒரு வாய் சாப்பிட்டுட்டு அவகளுக்குக் குடுங்க."

"நான் சாப்ட்டுட்டுத்தான் வாரேன் நர்சம்மா."

"ஒரு வாய்தானண்ணே."

மனுஷனுக்கு வேர்த்துவிட்டது. பூச்சி மருந்துதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். வேட்டி மடியிலிருந்து ஒரு சின்னப் புட்டியை எடுத்து நீட்டினார். ஹாலோபெரிடால், எங்கள் மாத்திரையைப் போலவே மனநோய்க்குக் கொடுப்பது, நிறமும் ருசியும் இல்லாத சொட்டு மருந்து. பழங்காநத்தத்தில் ஒரு டாக்டர் முன்னாலேயே எழுதிக் கொடுத்ததாம். மாத்திரை தின்ன மாட்டேன் என்கிறவளுக்கு ரசத்தில் விடச் சொன்னாராம். தனியாரிடம் போய்விட்டு வந்தோம் என்றால் இங்கே ஏசுவார்கள் என்று மறைத்துவிட்டார்.

"நாங்கதான் இங்க மாத்திரை குடுக்குறோமே?"

"தர்மாஸ்பத்திரி மாத்திரை வெறும் சுண்ணாம்புன்னு ஊருல சொல்றாக. நல்ல மாத்திரைய நீங்க வெளிய வித்துருவீகன்னும்..."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஊரார் வாயிலெல்லாம் நான் மாத்திரையைத் தேட, இந்த ஆள் என் மடியில் தேடியிருக்கிறார்! டாக்டர் எனக்குச் சொன்னதை அவருக்குப் புரிகிற மாதிரிச் சொன்னேன். மூளையில் டோபமின் என்று ஒன்று வெள்ளமாய்ப் பாய்ந்தால் இல்லாத குரல் கேட்கும். மருந்து அதற்கு மடையை அடைக்கிறது. "நாங்க பாதி அடைச்சோம், நீங்க வந்து மிச்சத்தையும் அடைச்சுட்டீக. கைகாலு அசையவும் அந்தத் தண்ணிதானண்ணே பாயணும்." தலையைக் குனிந்துகொண்டார். பாவமாகவும் இருந்தது, நாலு அறை விடலாம் போலவும் இருந்தது.

டாக்டர் அவரைத் திட்டித் தீர்த்துவிட்டுக் கரண்டை ரத்து செய்தார். சோற்றுப் பேச்சை அன்றைக்கே நோய்க் கணக்கிலிருந்து அடித்துவிட்டார்.

சாயங்காலம் மாத்திரையோடு போய் எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். இனிமேல் பயமில்லை என்றேன். கழுத்து நேராகத்தான் இருந்தது. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொன்னப்ப நோயி. அவரு சொன்னதும் நெசமாகிப் போச்சாக்கும்?"

மாத்திரையை வாங்கி விழுங்கினாள். தண்ணீர் குடித்தாள். நான் கேட்பதற்கு முன்னாலேயே வாயை அகலத் திறந்து நாக்கைத் தூக்கினாள். "வேணாம்மா, மூடிக்க" என்றேன். மூடவில்லை. நான் குனிந்து பார்க்கிற வரைக்கும் அப்படியே திறந்து வைத்திருந்தாள்.