மாடசாமி தாழ மாட்டிய கண்ணாடி

போடியிலிருந்து மருந்துச் சீசாக்களோடு மலையேறி வந்த என்னிடம், வழியில் எதிர்ப்பட்ட பொதிமாட்டுக்காரர்தான் சொன்னார்: "கம்பவுண்டரய்யா, பெட்டி அடிக்கிற மாடசாமி தவறிட்டாரு. முந்தாநாளே எடுத்தாச்சு." சுமையை இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சளிக்காய்ச்சலாம். நான் கீழே போயிருந்த நேரம் பார்த்தா வரவேண்டும்? படுபாவி, இருமுகிறது என்றுகூட என்னிடம் சொல்லவில்லை.

நம் தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தவர்களுக்கு மாடசாமியைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகை அடுப்புக்குப் போகுமுன் அவன் கைக்குப் போய்விடும். அதை இழைத்து, கொடியும் கிளியும் செதுக்கி, பெட்டிக்குள் ஒட்டியிருந்த ஈயத்தாளை ஓரத்தில் பளபளவென்று பதித்து, சாமி படங்களுக்குச் சட்டம் போட்டுத் தருவான். "சட்டம் இல்லாட்டா சாமிக்கும் குளிரும்லா அண்ணாச்சி" என்பான். ஒருநாள் வள்ளி தெய்வானையோடு நிற்கும் முருகனுக்கு ஆணி அடித்துக்கொண்டே, "இவருக்கு ரெண்டு பேரு. எனக்கு இருக்கிற ஒருத்தியும் கீழ கெடக்கா" என்று சிரித்தான். நானும் கூடச் சிரித்துத் தொலைத்தேன்.

அந்த ஒருத்தி, அவன் மனைவி பேச்சியம்மாள். மலைக்காய்ச்சலில் ஒரே பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு, தென்காசிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. பொங்கலுக்குப் பொங்கல், ஊருக்குப் போகிறவர்களிடம் அவளுக்குச் சேலை கொடுத்தனுப்புவான். "ஏலே, சேலைய அனுப்புதியே, கூடவே வான்னு ஒரு வார்த்தை சொல்லி அனுப்பேம்ல" என்று ஒருமுறை கடிந்துகொண்டேன். உளியைக் கீழே வைத்தான். "பிள்ளைய இந்த மண்ணுல போட்டுட்டுப் போனவ அண்ணாச்சி. நான் எந்த வாயால கூப்பிட? அவளாத் தோணி வரணும்."

அவள் வருவாள் என்றுதான் அந்தக் கண்ணாடியைச் செய்தான். அவன் செய்த சட்டங்களிலேயே அழகானது அது. நாலு மூலையிலும் கிளி, சுற்றிலும் முல்லைக்கொடி. செய்ததை அவன் நெஞ்சுயரத்தில் மாட்டிவைத்தான். தலைப்பாகை கட்டத் தினமும் அதன்முன் வளைந்து நிற்பான். "முதுகு ஒடிஞ்சிரும்ல, மேல மாட்டு" என்றால், "மேல மாட்டினா அவளுக்கு எட்டாதே. பொட்டு நேரா வைக்கணும்லா?" என்பான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறைக்கு வருவான். எனக்கும் குடும்பம் இல்லை. மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கீழேயிருந்து பொதிமாட்டு மணி கேட்டால் பேச்சை விட்டுவிட்டு ரோட்டு முனைக்குப் போய் நிற்பான். "என்ன மாடசாமி, வந்தாச்சா?" என்று முதலில் தொழிலாளர் லயத்தில் எல்லோரும் கிண்டல் செய்தார்கள். பிறகு யாரும் கேட்பதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியத்துக்கு, தம்பியை அழைத்துக்கொண்டு பேச்சியம்மாள் வந்தாள். அவன் அறைக்குள் நுழைந்ததும் கண்ணாடிமுன் நின்றுவிட்டாள். குனியவும் வேண்டாம், எம்பவும் வேண்டாம். முகம் நேராக விழுந்தது. நெற்றியில்தான் பொட்டு இல்லை. யாருக்காக அதை அவ்வளவு தாழ மாட்டினான் என்பதை நான்தான் சொன்னேன்.

"ஒத்த வார்த்தை வான்னு சொல்லியிருந்தா வந்திருப்பேனே அண்ணாச்சி," என்றாள். "வருஷா வருஷம் சேலை மட்டும் வரும். நான் இனி வேண்டாம்னுதான் கடமைக்குச் சேலையக் குடுத்து விடுதாகன்னு இருந்தேன்."

அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் சுற்றி எடுத்துக்கொண்டு மலையிறங்கினாள்.

மாடசாமி, கிளிக்கு மூக்கும் முல்லைக்கு மொட்டும் செதுக்கத் தெரிந்த உனக்கு, 'வா' என்று சொல்ல வாய் வராமல் போயிற்றே! செத்தவன்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். நான் படுகிறேன். உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது இந்தக் கோபம் ஒன்றுதான். அதையும் விட்டுவிட்டால் ஞாயிற்றுக்கிழமையில் நான் யாரோடு பேசுவேன்?