பத்திரம் எழுத யாரைப் பிடிப்பது?

வீடு வாங்குகிறவர்கள் சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள், குழாயைத் திறந்து பார்ப்பார்கள், வாசல் எந்தத் திசை என்று ஜோசியரிடம் கேட்பார்கள். பத்திரம் எழுதுகிறவரை மட்டும், ரிஜிஸ்டர் ஆபீஸ் வாசலில் யார் முதலில் "வாங்க சார்" என்கிறாரோ அவரையே பிடித்துவிடுவார்கள்.

நான் பத்திர எழுத்தர். கடலூரில் தொழில் கற்றேன். கல்யாணமான பிறகு சிதம்பரம் ரிஜிஸ்டர் ஆபீஸ் தெருவில் ஜூஸ் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு சின்ன அறை. வீடு வாங்கியவர்களுக்கு அந்தத் தெரு மறந்திருக்காது. டோக்கன் எப்போது வரும் என்ற பதற்றமும், "சர்வர் டவுன்" என்று சொல்லி நாளைக்கு வரச் சொல்வதும் உங்களுக்குத் தெரியும். மேசைக்கு அந்தப் பக்கம் நீங்கள் பட்டதை, இந்தப் பக்கம் நானும் பட்டிருக்கிறேன்.

ஐந்து ஸ்டார்

புவனகிரியிலிருந்து ஓய்வுபெற்ற கண்டக்டர் ஒருவர் வந்தார். பெங்களூரில் இருக்கிற மகன் போனில் தேடிப் பார்த்து என்னைத்தான் தேர்ந்தெடுத்தானாம். "உங்களுக்கு அஞ்சு ஸ்டாராம்மா. எல்லாரும் நல்லா எழுதியிருக்காங்களாம்" என்று மகன் அனுப்பியதைக் காட்டினார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, வாசித்துப் பார்க்கும் வரை. 'சுத்தமாக இருக்கிறது', 'வெயிலுக்கு இதமாக இருந்தது', 'சாத்துக்குடி அருமை'.

பக்கத்து ஜூஸ் கடையை நான் கைகாட்ட, அவர் அதைப் பார்த்துவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, பையிலிருந்த பத்திரங்களை எடுத்து என் மேசையிலேயே வைத்தார். "அவன்கிட்ட சொல்லிடாதம்மா. அவ்ளோ தூரத்துல குந்திக்கினு நமக்காகத் தேடியிருக்கான்ல, அது போதும்."

பேர் இல்லாதவர்

செந்தில் என்று ஒரு பள்ளி ஆசிரியர். மனைவி பெயர் ரேவதி. சிதம்பரத்தில் ஒரு பழைய வீட்டைப் பேசி முடித்திருந்தார்கள். விற்பவர் குணசேகரன். வீடு அவருடைய அப்பா பெயரில் இருந்தது. அப்பா உயில் எழுதாமல் இறந்துபோயிருந்தார். வாரிசுச் சான்றிதழில் குணசேகரனுக்குக் கீழே தங்கை கல்யாணியின் பெயரும் இருந்தது. "இவுங்களும் கையெழுத்து போடணுமே" என்றேன். "அது கம்மாபுரத்துல கட்டிக் குடுத்தாச்சுங்க. நகையெல்லாம் போட்டாச்சு. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல" என்றார் குணசேகரன்.

சட்டப்படி அந்த அம்மாவுக்கும் பங்கு உண்டு, அவர் வராமல் எழுத மாட்டேன் என்றேன். செந்திலுக்கு என்மேல் கோபம். முகூர்த்தம் பார்த்தாகிவிட்டது, வாடகை வீட்டைக் காலி செய்வதாகச் சொல்லியாகிவிட்டது. வேறு ஒருவர் "பிரச்சினையே இல்ல சார்" என்று சொல்ல, அங்கே போய்க் கல்யாணி பெயரே இல்லாமல் எழுதிக்கொண்டார்கள். தெருவில் என்னைப் பார்த்தால் செந்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

கிரகப்பிரவேச மாவிலை காய்வதற்குள் கோர்ட் நோட்டீஸ் வந்தது. கல்யாணி வழக்குப் போட்டிருந்தார். இந்த முறை ரேவதி மட்டும் தனியாக வந்தார். "ராத்திரியெல்லாம் அவுரு சீலிங்கையே பாத்துட்டுப் படுத்துக் கெடக்காரு மேடம். எங்க கூட ஒருவாட்டி கம்மாபுரம் வாங்களேன்" என்றார். அது என் வேலை இல்லைதான். ஆனால் அந்தக் குரலுக்கு மறுப்புச் சொல்ல முடியவில்லை.

கல்யாணி எங்களைத் திட்டவில்லை. மோர் கொடுத்தார். "புள்ளைங்களோட குடி வந்திருக்க. ஒன்னை வெளிய அனுப்பி நான் என்னா பண்ணப் போறேன்?" என்று ரேவதியிடம் சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: அண்ணன் நேரில் வந்து கேட்க வேண்டும். குணசேகரன் வர மாட்டேன் என்று ரொம்ப நாள் முறுக்கிக்கொண்டிருந்தார். கடைசியில், செந்திலே அவர் வீட்டுக்குப் போய்க் கண் கலங்கியபிறகு வந்தார். கல்யாணி தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரத்தை என் மேசையில்தான் எழுதினோம். வழக்கையும் வாபஸ் வாங்கினார். கையெழுத்துப் போட்ட பேனாவை மூடி வைத்துவிட்டு அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "நான் பங்கு கேட்டு கேஸ் போடலண்ணா. ஒனக்குன்னு கூடப் பொறந்தவ ஒருத்தி இருக்கான்னு எழுதாம வுட்டியே, அதுக்குத்தான் போட்டேன்."

புரோக்கரின் இன்னொரு ஆள்

கடலூரிலிருந்து ஒரு மனைப் புரோக்கர் எனக்கு அடிக்கடி ஆள் கூட்டிவருவார். ஒருநாள் ஒரு நர்ஸையும் அவர் கணவரையும் அழைத்துவந்தார். மனை அனுமதி பெறாத லேஅவுட்டில் இருந்தது. வீடு கட்ட அனுமதியும் கிடைக்காது, பேங்க் லோனும் கிடைக்காது என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவர்கள் எழுந்து போய்விட்டார்கள். புரோக்கர் அதோடு இந்தப் பக்கமே வரவில்லை. ஜெராக்ஸ் கடைவரை வருவார், அப்படியே திரும்பிவிடுவார்.

அப்புறம் ஒரு மத்தியானம், ஒரு பை நிறையப் பத்திரங்களோடு வந்து உட்கார்ந்தார். "நல்லாப் பாருங்க மேடம், ஒண்ணு விடாம பாருங்க" என்றார். இவ்வளவு நாள் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்டேன். கொஞ்சமும் கூச்சப்படாமல் பதில் சொன்னார்: "மத்தவங்களுக்கு வேற ஆளு வெச்சிருக்கேன் மேடம். இது எம் பொண்ணுக்கு."

கிழக்கு

தேவனாம்பட்டினத்திலிருந்து அஞ்சலை என்ற அம்மா. மீன் வியாபாரம். சுனாமியில் வீட்டையும் வீட்டுக்காரரையும் இழந்தவர். மகன் வெளிநாட்டில் சம்பாதித்து அனுப்ப, சிதம்பரத்தில் ஒரு சின்ன மாடி வீடு வாங்கினார். எழுதி முடித்த பத்திரத்தை வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்தேன். விலை, பெயர், கதவு எண் எதையும் அவர் காதில் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. நான்கு எல்லை வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

வடக்கே இன்னார் வீடு, தெற்கே தெரு. "கெழக்கால என்னா போட்டிருக்கீங்க?" என்று கேட்டார். "கிழக்கே மாணிக்கம் வீடு" என்றேன். "அதுக்கும் கெழக்கால?" அதெல்லாம் பத்திரத்தில் வராது, ஆனாலும் எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். இன்னும் ரெண்டு தெரு, ஒரு பள்ளிக்கூடம், அதற்கப்புறம் வயல். அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நிறுத்தியதும் கை நீட்டிப் பேனாவை வாங்கினார். "கடலுன்னு எங்கியும் வரல இல்ல? அப்பக் குடு, போடறேன்."

என் வீடு

கடைசியாக, நானும் உங்கள் வரிசைக்கு வந்தேன். கடலூரில் ஒரு வீடு. சமையலறை ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். காற்று அப்படி வரும். பார்த்த நிமிஷமே அடுப்பை எந்தப் பக்கம் வைப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன். ஆனாலும் பத்திரத்தை நானே பார்க்காமல், எனக்குத் தெரிந்த ஒரு எழுத்தரிடம் கொண்டுபோனேன். "ஊருக்கெல்லாம் நீ எழுதுவ, நமக்கு மட்டும் அடுத்தவங்களா?" என்றார் என் வீட்டுக்காரர்.

அந்த எழுத்தர் பொறுமையாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போகிற வழி பக்கத்து வீட்டுக்காரர் பட்டாவில் இருக்கிறது என்றார். எந்தப் பத்திரத்திலும் வழி உரிமை எழுதப்படவில்லை. நான் அவரோடு வாதாடினேன். "இத்தனை வருஷம் அப்படித்தான் போய்வர்றாங்க, பேசிக்கலாம், நல்ல மனுஷங்களாத் தெரியறாங்க" என்றெல்லாம் சொன்னேன். தினமும் என் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து மற்றவர்கள் சொல்கிற அதே வார்த்தைகள். சொல்லும்போது அவை எவ்வளவு நியாயமாக இருக்கின்றன என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்க் கேட்டோம். எழுதித் தர முடியாது என்றுவிட்டார். வீட்டை விட்டுவிட்டோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தேன். பிறகு வேறு வீடு அமைந்தது. அதற்கும் அவரிடமேதான் போனேன். அன்றும் நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் நாற்காலியைக் காட்டினார். "மேடம், இன்னிக்கு நீங்க பத்திர எழுத்தர் இல்ல, வீடு வாங்க வந்தவங்க. அங்க உக்காருங்க."

ஆகையால் யாரைப் பிடிப்பது என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: பத்திரம் எழுதும் அன்று எழுதுகிறவர்மேல் உங்களுக்குக் கொஞ்சம் எரிச்சல் வந்தால், அநேகமாக நல்ல ஆளாகத்தான் பார்த்துப் பிடித்திருக்கிறீர்கள்.