வாய்க்கால் வெந்நீரில் கிடைத்த உயிர்

பன்னிரண்டாம் வகுப்பில் கணக்கில் ஒருமுறை தோற்றும், மறுபடி எழுதிக் கல்லூரியில் இடம் வாங்கினாள் என் தங்கை யூஜினியா. “பொம்பளைப் புள்ளைக்கு இன்னும் என்ன படிப்பு?” என்ற அப்பாவிடம் இரண்டு முறையும் வாதாடி ஜெயித்தாள். ஆங்கிலம் வராமல் விடுதியில் அழுதவள், பின்னால் பெரிய கூட்டத்தில் ஆங்கிலத்திலேயே பேசிப் பரிசு வாங்கினாள். காரைக்குடியில் நுண்ணுயிர் ஆராய்ச்சி மாணவியானாள். அங்கே, அதுவரை யாரும் கண்டிராத ஓர் உயிரைக் கண்டெடுத்தாள்.

அது கிடைத்தது நான் வேலை பார்த்த ஆலையில்தான். சிங்கம்புணரிப் பக்கம் நெல் அவிக்கும் ஆலை அது. பாய்லர் வெந்நீர் வடியும் வாய்க்காலில் மஞ்சளாக ஒரு பாசி படியும். அதைச் சொன்னதும் அவள் விடவில்லை.

“அந்தச் சூட்டுல உசுரோட இருக்குன்னா அது லேசுப்பட்டது இல்லக்கா. கொஞ்சம் எடுத்துட்டு வா.”

என் டீ பிளாஸ்க்கில் கொண்டுபோனேன். அதற்குப் பிறகு அதில் டீ குடிக்க மனம் வரவில்லை.

அந்தப் பாசியிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தாள். அதன் நொதி, சூட்டில் கெடாமல், ஒரு சர்க்கரைத் துண்டையும் இன்னொரு வேதித் துண்டையும் பொருத்திவிடும். அப்படிப் பொருந்தி வருவதுதான் நியூக்ளியோசைடு. புற்றுநோய்க்கும் வைரஸ் காய்ச்சலுக்கும் மருந்து செய்ய அது வேண்டும். ரசாயனத்தில் செய்தால் நச்சுக் கழிவு மிஞ்சும். இது வெறும் வெந்நீரில் செய்தது. எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்.

ஆய்வகப் பணியாளர் மெய்யநாதனிடம் அவள் தினமும் சொல்வாள்: “சூடுன்னா இதுக்கு உசுருண்ணே. நம்ம ஊரு வெயிலுக்குப் பொறந்த புள்ளை.” அவரும் அதைப் பிள்ளை என்றே சொல்லுவார்.

ஆயுத பூசை விடுமுறை முடிந்ததும் அதை வெளியூர் நுண்ணுயிர்ச் சேமிப்பு நிலையத்துக்கு அனுப்புவதாக ஏற்பாடு. அங்கே ஒரு பங்கு பத்திரமாக இருந்தால்தான் ஆய்வேட்டை ஏற்பார்கள். ஐஸ் நிரப்பிய தெர்மாகோல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அன்று நானும் கூடப் போனேன். எல்லா மிஷினிலும் சந்தனப் பொட்டு. அவள் குழாய்களை உறையவைத்திருந்த குளிர்பெட்டி பளபளத்தது.

“பாத்தீகளா பாப்பா, ஐஸெல்லாம் சொரண்டித் தொடச்சுட்டேன். பூசைக்கு எல்லா மிஷினுக்கும் ஓய்வு குடுத்தாச்சு” என்றார் மெய்யநாதன்.

“உள்ள இருந்ததெல்லாம்?”

“ஒங்க புள்ளைகளா? மறுபடி குளிருல போட மனசு வரலை. சூடுதான உசுருன்னீக. அந்தா, சன்னலோரம் வெயில்ல வச்சிருக்கேன்.”

யூஜினியா சன்னலருகே போய் நின்றாள். உறைந்து உறங்கினால் அது வருடக்கணக்கில் இருக்கும். கொதிக்கும் சூட்டிலும் வளரும். எங்கள் ஊர் வெயில் அதற்கு இரண்டுங்கெட்டான். அதோடு, அதைச் சூட்டில் வைத்து வளர்த்த பெட்டியையும் அவர் அணைத்திருந்தார். ஒரு குழாயில்கூட உயிர் மிஞ்சவில்லை. செத்ததிலிருந்து மரபணுவை எடுக்கப் பார்த்தார்கள், அதுவும் சிதைந்திருந்தது.

விஷயம் புரிந்ததும் மெய்யநாதன் திட்டு வாங்க அவள் முன்னால் வந்து நின்றார். “என்னய நல்லா வஞ்சுருங்க பாப்பா.”

“வஞ்சா வளருமாண்ணே?”

ஆலை வாய்க்காலில் மறுபடி எடுக்கலாமென்று ஓடினேன். அங்கேயும் பூசைக்கு ஆசிட் ஊற்றித் தேய்த்திருந்தார்கள். வழக்கமாக ஒரு மாதத்தில் மறுபடி படியும். இந்த முறை, படிவதற்குள் முதலாளி பழைய பாய்லரை எடுத்துவிட்டுப் புதுக்குழாய் போட்டார்; வாய்க்காலில் வெந்நீர் வருவது நின்றது. நெற்குப்பை, நேமத்தான்பட்டி என்று பக்கத்து ஊர் ஆலைகளில் வெந்நீர் ஓடும் இடமெல்லாம் அள்ளிக் கொடுத்தேன். ஏதேதோ வளர்ந்தது. எதுவும் அந்த வேலையைச் செய்யவில்லை.

மறுபடி செய்து காட்ட முடியாததை ஆய்வு என்று ஏற்கமாட்டார்கள். உதவித்தொகை முடிந்தது. “வேற தலைப்புல முதல்லருந்து ஆரம்பிடி” என்றேன். “அதுக்கு என்கிட்ட மிச்சம் ஒண்ணுமில்லக்கா” என்றாள்.

போன வாரம் ஆராய்ச்சிப் படிப்பிலிருந்து விலகும் கடிதத்தை வீட்டு மேசையில் வைத்து எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். ‘யூ’வில் தொடங்கி, கடைசியில் கீழே ஒரு கோடு. நான் பக்கத்தில் உட்கார்ந்து பழைய தாளில் எழுதிப் பழக்கிய அதே கையெழுத்து. பத்தாம் வகுப்புத் தேர்வு நுழைவுச்சீட்டில்தான், படிப்புக்கென்று அதை முதன்முதலாகப் போட்டாள்: 2010 மார்ச் 9, செவ்வாய்க்கிழமை.